வினைக்குச் சொந்தக்காரர் யார்? கல்முனைத் தட்டச்சு மேசையிலிருந்து

கிழக்கிலங்கையில், கல்முனை பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கொமினிகேஷன் கடையில் தட்டச்சு செய்வது என் தொழில். போட்டோ கொப்பி, பிரிண்ட், லெமினேட் எல்லாவற்றையும் கடைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். கையால் எழுதிக் கொண்டுவரும் ஆங்கிலக் கடிதங்கள் என் மேசைக்கு வரும். வங்கிக் கடன் விண்ணப்பம், பிரதேச செயலகத்துக்குக் காணி முறைப்பாடு, கட்டார் வேலைக்குச் சுயவிபரக்கோவை, ஒலுவில் கம்பஸ் பிள்ளைகளின் அசைன்மென்ட், இடமாற்றம் கேட்கும் ஆசிரியர்களின் மனு என்று நாள் முழுவதும் வந்துகொண்டே இருக்கும். தாளை நீட்டும்போது ஏறக்குறைய எல்லாரும் ஒன்றையே சொல்வார்கள்: "பிழை கிழை இருந்தால் நீங்களே திருத்திவிடுங்கள் மிஸ்."

நான் ஆங்கில ஆசிரியை அல்ல. பிழை பிடிக்கப் பழகியது இந்தத் தாள்களில்தான். பழகப் பழக ஒன்று விளங்கியது. ஆங்கிலத்தில் ஆயிரம் பிழை வரும் என்று பயப்படத் தேவையில்லை. பாண்டிருப்பிலிருந்து வருகிறவரும் மருதமுனையிலிருந்து வருகிறவரும் நாவிதன்வெளியிலிருந்து வருகிறவரும் சறுக்குகிற இடங்கள் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். எல்லாரும் தமிழில் யோசித்து எழுதுகிறார்கள். தமிழ் வசனத்தின் ஒழுங்கு ஆங்கிலத்தோடு எங்கெங்கே ஒத்துவரவில்லையோ அங்கங்கே பிழை வருகிறது. ஆகவே பிழையைத் தேடிக்கொண்டு முழு வசனத்தையும் உற்றுப் பார்ப்பது வீண்வேலை. எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் போதும்.

உதாரண வசனங்களையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். இதில் ஒரு வசதி உண்டு. எழுத்துக்கூட்டல் பிழை மறைந்துபோகும், இலக்கணப் பிழை மட்டும் காதில் விழும். எழுத்துக்கூட்டலைக் கணினி பார்த்துக்கொள்ளும். காதின் வேலையைக் கணினிக்குக் கொடுக்க முடியாது.

எந்த வசனத்திலும் நான் முதலில் தேடுவது வினையை. கண்டுபிடித்ததும் ஒரு கேள்வி: இந்த வினைக்குச் சொந்தக்காரர் யார்?

வங்கிக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இருந்தது: 'த லிஸ்ட் ஒஃப் டொக்கியுமென்ட்ஸ் ஆர் அட்டாச்ட்.' கொண்டுவந்தவர் நன்றாகப் படித்தவர். இரண்டு தடவை வாசித்தும் அவருக்குப் பிழை தெரியவில்லை. காரணம் எளிது. 'ஆவணங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளது' என்று தமிழில் எழுதும்போது, வினைக்குச் சொந்தமான 'பட்டியல்' வினையின் தோளோடு தோள் உரசி நிற்கிறது. ஆங்கிலத்தில் 'லிஸ்ட்' முன்னால் போய்விடுகிறது. இடையில் 'ஒஃப்' வந்து, 'டொக்கியுமென்ட்ஸ்' என்ற பன்மைச் சொல்லைக் கொண்டுவந்து வினைக்குப் பக்கத்தில் விட்டுவிடுகிறது. பக்கத்தில் நிற்பவரே சொந்தக்காரர் என்று நம்பிப் பழகிய நம்முடைய காது ஏமாந்துபோகிறது. இணைக்கப்பட்டது பட்டியல், அது ஒன்று. எனவே 'த லிஸ்ட் ஒஃப் டொக்கியுமென்ட்ஸ் இஸ் அட்டாச்ட்.'

இதற்கு நான் செய்வது: 'ஒஃப்' என்ற சொல்லிலிருந்து வினைக்கு முன்பு வரை விரலால் மறைத்துவிட்டு வாசிப்பேன். 'த லிஸ்ட்... ஆர்' என்று வந்தால் காதே கூசும். 'வன் ஒஃப் மை பிரதர்ஸ் ஆர் வேர்க்கிங் இன் டோஹா' என்பதையும் இப்படியே மறைத்துப் பார்க்கலாம்: 'வன்... இஸ் வேர்க்கிங்.' அதற்காக 'பிரதர்ஸ்' என்பதை ஒருமையாக்கிவிடக் கூடாது. 'வன் ஒஃப்' வந்தால் பின்னால் பன்மைதான், ஏனென்றால் பலரில் ஒருவர். சிலர் வினையைத் திருத்தும் உற்சாகத்தில் அதையும் மாற்றிவிடுவார்கள்.

விரல் வேலைக்கு ஒரு விலக்கு உண்டு. 'எ நம்பர் ஒஃப் பீப்பிள்' என்றால் பலர் என்று பொருள். அங்கே 'ஆர்' சரி. 'த நம்பர் ஒஃப் பீப்பிள்' என்றால் ஆட்களின் தொகை. அங்கே 'இஸ்' சரி. முன்னால் நிற்கும் அந்தச் சிறு சொல்லைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

பாடசாலைக் கடிதமொன்றில் 'த பிரின்ஸிபல், அலோங் வித் த டீச்சர்ஸ், ஹேவ் ரிக்வெஸ்டட்' என்று இருந்தது. 'ஹேவ்' என்பதை 'ஹேஸ்' ஆக்கினேன். கொண்டுவந்த ஆசிரியர் விடவில்லை.

"அதிபரும் நாங்களும் சேர்ந்துதானே கேட்கிறோம்? அது பன்மை இல்லையா மிஸ்?"

நியாயமான கேள்வி. தமிழில் 'அதிபர் ஆசிரியர்களுடன் சேர்ந்து கேட்டார்' என்று எழுதினால் வினை அதிபரோடு போகிறதல்லவா, அதைப்போலத்தான் இதுவும் என்று சொன்னேன். 'அலோங் வித்', 'டுகெதர் வித்', 'அஸ் வெல் அஸ்' மூன்றும் கூட வருகிறவரைக் காட்டுமே தவிர சொந்தக்காரராக்காது. எல்லாரும் சமமாகக் கேட்கிறார்கள் என்று காட்டவேண்டுமென்றால் 'த பிரின்ஸிபல் அன்ட் த டீச்சர்ஸ் ஹேவ் ரிக்வெஸ்டட்' என்று எழுதலாம். அவர் அதைத்தான் எடுத்தார். அவருடைய விருப்பமும் நிறைவேறியது, இலக்கணமும் தப்பியது.

'எவ்ரிவன் ஹேவ்' என்று எழுதுவதும் இதே குடும்பம். நமக்கு 'எல்லாரும்' பன்மை. ஆங்கிலத்துக்கு 'எவ்ரிவன்' ஒருமை. 'ஈச்', 'எவ்ரி', 'எவ்ரிபொடி' எல்லாவற்றுக்கும் 'ஹேஸ்', 'இஸ்' தான்.

'மை ஹஸ்பண்ட் வேர்க் இன் சவூதி' என்று 'ஸ்' விடுபட்டு வருவதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. போகிறேன், போகிறாய், போகிறான், போகிறோம் என்று ஒவ்வொருவருக்கும் விகுதி வைக்கிற மொழி நம்முடையது. ஆங்கிலம் அத்தனையையும் உதிர்த்துவிட்டு நிகழ்காலத்தில் ஒரேயொரு 'ஸ்' ஐ மட்டும் வைத்திருக்கிறது. ஒன்றே ஒன்று என்பதால்தான் மறந்துபோகிறது. 'ஹீ', 'ஷீ', 'இட்' அல்லது அவற்றால் மாற்றக்கூடிய ஒரு பெயர் சொந்தக்காரராக இருந்தால் 'ஸ்' இருக்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

முன்னால் உதவி வினை வந்தால் கதை மாறும். 'ஐ டிட் நொட் ரிசீவ்ட் த லெட்டர்' என்று வாரத்துக்கு ஒரு தாளாவது வரும். இறந்தகாலத்தை 'டிட்' ஏற்கெனவே காட்டிவிட்டது. அடுத்த வினை வெறுங்கையோடு வரவேண்டும்: 'டிட் நொட் ரிசீவ்.' 'ஷீ டஸ் நொட் வேர்க்ஸ்' என்பதும் அப்படியே, 'டஸ்' அந்த 'ஸ்' ஐ எடுத்துக்கொண்டுவிட்டது. சுயவிபரக்கோவைகளில் 'ஐ கென் ஏபிள் டு டிரைவ் ஹெவி வெஹிக்கிள்ஸ்' என்று வருவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'கென்' என்றாலே முடியும் என்றாகிவிட்டது. 'ஐ கென் டிரைவ்' அல்லது 'ஐ ஆம் ஏபிள் டு டிரைவ்', இரண்டில் ஒன்று.

வினையின் காலம் பிழைத்தால் வருகிற வில்லங்கம் வேறு மாதிரி. மற்றப் பிழைகளைப் பார்த்து அலுவலகத்தில் சிரிப்பார்கள். இதைப் பார்த்தால் உங்களைத் தவறாக விளங்கிக்கொள்வார்கள்.

வயதான ஒரு ஐயா காணிக் கடிதம் கொண்டுவந்தார். யாரோ எழுதிக் கொடுத்தது. 'ஐ லிவ்ட் ஒன் திஸ் லேண்ட் ஃபோர் தேர்ட்டி இயர்ஸ்' என்று இருந்தது.

"ஐயா, நீங்கள் இப்போதும் அந்தக் காணியில்தானே இருக்கிறீர்கள்?"

"வேறு எங்கே போவது மகள்?"

கடிதம் அப்படிச் சொல்லவில்லை. முப்பது வருடம் அங்கே இருந்தேன், இப்போது இல்லை என்று அதை வாசிக்க முடியும். காணிப் பிணக்கில் அப்படியொரு வசனத்தை எதிர்த்தரப்புக்குக் கொடுத்துவிட்டு வரலாமா? 'ஐ ஹேவ் பீன் லிவிங் ஒன் திஸ் லேண்ட் ஃபோர் தேர்ட்டி இயர்ஸ்' என்று மாற்றினேன். தொடங்கியது அன்றைக்கு, இன்றும் முடியவில்லை என்பதை 'ஹேவ் பீன்' காட்டுகிறது.

இதே கருத்தை 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் 1985' என்று நிகழ்காலத்தில் எழுதுகிறவர்களே அதிகம். '1985ஆம் ஆண்டிலிருந்து இங்கே இருக்கிறேன்' என்று நிகழ்காலத்தில் சொல்வது தமிழில் முழுக்கச் சரி. ஆங்கிலத்தில் முன்பு தொடங்கி இன்றுவரை நீளுகிற காலத்துக்கு 'ஹேவ்' கட்டாயம் வேண்டும். 'சின்ஸ்' கண்ணில் பட்டதும் வினையில் 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான கடிதங்களுக்கு இந்த ஒரு சோதனை போதும். 'சின்ஸ்' க்குப் பிறகு தொடக்கம் வரும்: 1985, திங்கட்கிழமை, மே மாதம். 'ஃபோர்' க்குப் பிறகு நீளம் வரும்: முப்பது வருடம், மூன்று நாள். 'சின்ஸ் தேர்ட்டி இயர்ஸ்' என்று ஒன்று கிடையாது.

மறுபக்கத்தில், முடிந்துபோன நாளைக் குறிப்பிட்டுவிட்டு 'ஹேவ்' போடக்கூடாது. 'ஐ ஹேவ் ஸப்மிட்டட் த ஃபோர்ம் யெஸ்டர்டே' பிழை. நேற்று என்று சொன்னபின் 'ஐ ஸப்மிட்டட்' என்பதோடு நிற்கவேண்டும். இதைவிட எனக்கு எரிச்சல் தருவது 'ஹேட்'. 'ஐ ஹேட் கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019', 'ஐ ஹேட் வேர்க்ட் அஸ் எ கிளார்க்' என்று, இறந்தகாலத்துக்கு மரியாதை கூட்டுவதுபோல எங்கும் 'ஹேட்' தூவிக் கொண்டுவருகிறார்கள். இறந்தகாலத்தில் இரண்டு காரியம் நடந்து, அதில் எது முந்தியது என்று காட்டவேண்டிய இடத்தில்தான் அதற்கு வேலை: 'த பஸ் ஹேட் லெஃப்ட் வென் ஐ அரைவ்ட்.' நான் போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. ஒரே காரியமென்றால் 'ஐ கம்ப்ளீட்டட் மை டிகிரி இன் 2019' போதும். ஒரு சுயவிபரக்கோவையில் 'ஹேட்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அது உடனே ஒரு வகுப்பு மேலே ஏறிவிடும்.

'எ', 'அன்', 'த' பற்றி என்னிடம் முழு மருந்து இல்லை. தமிழில் இல்லாத பொருள் அது. ஆனால் இரண்டு பிடிமானம் உண்டு, அதில் ஒன்று தமிழ் எழுத்துத் தெரிந்தவர்களுக்கே வாய்த்தது.

'எ' போடுவதா 'அன்' போடுவதா என்பது ஆங்கில எழுத்தைப் பொறுத்ததல்ல, ஓசையைப் பொறுத்தது. அந்தச் சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். முதலெழுத்து உயிரெழுத்தானால் பெரும்பாலும் 'அன்', மற்றதானால் 'எ'. யூனிவர்சிட்டி 'யூ' வில் தொடங்குகிறது, எனவே 'எ யூனிவர்சிட்டி'. அவர் என்ற மணித்தியாலம் 'அ' வில் தொடங்குகிறது, 'அன் அவர்'. யூனிபோம், யுரோப்பியன் இரண்டுக்கும் 'எ'. எம்.ஏ., எக்ஸ்ரே இரண்டுக்கும் 'அன்'. வன் ருப்பி கொயின் என்ற ஒரு ரூபாய்க் குற்றிக்கு 'வ' முன்னால் நிற்கிறது, எனவே 'எ'. ஆங்கிலம் படித்தவர்கள்கூட எழுத்தைப் பார்த்து 'அன் யூனிவர்சிட்டி' என்று 'திருத்தி'க்கொண்டு வருவார்கள். அவர்களுக்குத் தாளின் ஓரத்தில் 'யூ' என்று எழுதிக் காட்டுவேன், விவாதம் முடிந்துவிடும். ஒரு கவனம்: வழக்கில் தேய்ந்துபோன வடிவத்தை எழுதக்கூடாது. ஆஸ்பத்திரி என்று எழுதினால் 'அன்' வந்துவிடும். ஆங்கிலத்தில் ஒலிக்கிறபடி ஹொஸ்பிட்டல் என்று எழுதவேண்டும். முட்டையை நாம் 'யெக்' என்று சொல்வதையும் நம்பவேண்டாம். அது 'எக்', ஆகவே 'அன்'.

இரண்டாவது பிடிமானம், எண்ணக்கூடிய ஒரு பொருளின் பெயர் ஒருமையில் தனியே நிற்கக்கூடாது என்பது. 'ஐ ஆம் டீச்சர்', 'ஐ ஹேவ் டிப்ளோமா இன் அக்கௌன்டிங்' என்று வெறுமனே நின்றால் முன்னால் ஏதோ விடுபட்டிருக்கிறது. 'எ' வரலாம், 'த' வரலாம், 'மை', 'திஸ்' வரலாம். எதுவும் இல்லாமல் இருக்கமுடியாது. முதன்முறையாகச் சொல்லும்போது 'எ', எதைச் சொல்கிறோம் என்று வாசிப்பவருக்கும் தெரிந்தபின் 'த' என்று தொடங்குங்கள். முக்கால்வாசி இடத்தில் சரியாக வரும். மீதிக் கால்வாசியில் நானும் தயங்கி, நல்ல ஆங்கிலத்தில் வந்த நான்கு கடிதத்தைப் புரட்டிப் பார்க்கிறதுண்டு.

எண்ண முடியாத பெயர்கள் தனிக் கூட்டம். இன்ஃபோமேஷன், ஃபேர்னிச்சர், எக்விப்மென்ட், அட்வைஸ், லக்கேஜ், ஹோம்வேர்க் எதற்கும் கடைசியில் 'ஸ்' கிடையாது. எண்ணிக்கை சொல்லவேண்டுமென்றால் 'டூ பீஸஸ் ஒஃப் எக்விப்மென்ட்'. கொட்டேஷன் தட்டும்போது இதைத் திருத்துவேன்; 'ஃபேர்னிச்சர்ஸ்' என்று பெரிய பலகை போட்டிருக்கிற கடைக்காரரிடம் போய்ச் சொல்லமாட்டேன். பலகைக்குக் கொடுத்த காசு அவருடையது.

இடமாற்ற மனுக்களில் நான் அதிகம் வெட்டுவது தேவையில்லாத சிறு சொற்களை. 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் த ப்ரொப்ளம்' என்பதில் 'அபௌட்' மிகை. 'பிரச்சினையைப் பற்றிப் பேசினோம்' என்பதில் உள்ள 'பற்றி' கூடவே வந்துவிடுகிறது. 'ஐ ரிக்வெஸ்ட் ஃபோர் எ ட்ரான்ஸ்ஃபர்' என்பதிலும் 'ஃபோர்' மிகை. ஆனால் 'மை ரிக்வெஸ்ட் ஃபோர் எ ட்ரான்ஸ்ஃபர்' சரி. 'எ டிஸ்கஷன் அபௌட் த ப்ரொப்ளம்' சரி. வினையாக வரும்போது இடைச்சொல் வேண்டாம், பெயராக வரும்போது வேண்டும். 'எம்ஃபஸைஸ்' என்ற வினைக்கு 'ஒன்' வேண்டாம், 'எம்ஃபஸிஸ்' என்ற பெயருக்கு 'ஒன்' வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் குழப்பத்தில் பாதி தீரும்.

சில இடங்களில் தலைகீழாக, தேவையானது விடுபடும். 'எக்ஸ்ப்ளெய்ன் மீ', 'ரிப்ளை மீ' என்பவற்றுக்கு நடுவில் 'டு' வேண்டும். திருமணமானதைச் சொல்லும் 'மேரிட் வித்' என்பது 'மேரிட் டு' ஆகவேண்டும். சேவை மூப்புச் சொல்லும் ஆசிரியர்கள் 'ஸீனியர் தென் மீ' என்று எழுதுவார்கள். 'ஸீனியர் டு மீ' என்பதே முறை. இவற்றுக்கெல்லாம் காரணம் தேடி நேரத்தை வீணாக்காமல் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

கடிதத்தின் கடைசி வரியில் 'ஐ ஆம் லுக்கிங் ஃபோவர்ட் டு ஹியர் ஃப்ரொம் யூ' என்று அழகாக முடித்திருப்பார்கள். 'ஹியரிங்' என்று வரவேண்டும். 'டு' வந்தால் வெறும் வினைதான் என்று படித்தது இங்கே காலை வாருகிறது. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை, 'டு' க்குப் பிறகு 'இட்' போட்டுப் பார்ப்பது. 'லுக்கிங் ஃபோவர்ட் டு இட்' என்று சொல்லலாம், எனவே 'ஹியரிங்'. 'ஐ வோன்ட் டு இட்' என்று சொல்லமுடியாது. எனவே 'ஐ வோன்ட் டு ஹியர்'. 'ஐ ஆம் யூஸ்ட் டு இட்' சரி. எனவே 'ஐ ஆம் யூஸ்ட் டு வேர்க்கிங் அட் நைட்'.

கேள்வியில் நம்மவர்கள் புரட்டவேண்டிய இடத்தில் புரட்டமாட்டார்கள், புரட்டக்கூடாத இடத்தில் புரட்டுவார்கள். நேரே கேட்கும்போது 'வை யூ ஆர் லேட்?' என்பார்கள், 'வை ஆர் யூ லேட்?' என்று மாறவேண்டும். கடிதத்துக்குள் ஒரு கேள்வியை அடக்கிச் சொல்லும்போது 'ஐ வுட் லைக் டு நோ வென் வில் மை லோன் பீ அப்ரூவ்ட்' என்று புரட்டிவிடுவார்கள். அது கேள்வியில்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்ற செய்தி. 'வென் மை லோன் வில் பீ அப்ரூவ்ட்' என்று நேராகப் போகவேண்டும், கேள்விக்குறியும் வேண்டாம்.

'ஓல்தோ' என்று தொடங்கினால் நடுவில் 'பட்' வேண்டாம். 'பிகோஸ்' என்று தொடங்கினால் 'ஸோ' வேண்டாம். 'இஃப் ஹி வில் கம்' என்பது 'இஃப் ஹி கம்ஸ்'. 'மோர் பெட்டர்' என்பதில் ஒன்று போதும். இவை எல்லா ரியூஷன் வகுப்பிலும் சொல்கிறவை, நீட்டத் தேவையில்லை.

இனி வருவதை வகுப்பில் அவ்வளவாகச் சொல்வதில்லை. 2004 டிசம்பர் 26 கடலோரத்தில் இருந்த எங்களில் பலருக்குக் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழும் இல்லாமல் செய்துவிட்ட நாள். அதைப் பற்றிய கடிதங்கள் இன்றும் வருகின்றன. அதில் ஒன்று: 'லிவிங் நியர் த ஸீ, த ட்சுனாமி டிஸ்ட்ரொய்ட் அவர் டொக்கியுமென்ட்ஸ்.' சொல் ஒவ்வொன்றும் சரி. ஆனால் கடலுக்கு அருகே வசித்தது யார்? ஆங்கிலத்தில் இப்படி 'இங்' வடிவத்தில் தொடங்கினால், காற்புள்ளிக்குப் பிறகு முதலில் வருகிற பெயரே அதன் சொந்தக்காரர். இந்த வசனத்தில் சுனாமிதான் கடலருகே குடியிருந்திருக்கிறது. 'கடலருகே வசித்ததால் சுனாமி எங்கள் ஆவணங்களை அழித்துவிட்டது' என்று எழுதினால் தமிழில் யாரும் தடுமாறமாட்டார்கள். வசித்தது நாங்கள் என்று விளங்கிவிடும். ஆங்கிலம் அந்த உரிமையைத் தருவதில்லை. 'அஸ் வீ வேர் லிவிங் நியர் த ஸீ, த ட்சுனாமி டிஸ்ட்ரொய்ட் அவர் டொக்கியுமென்ட்ஸ்' என்று 'வீ' ஐ உள்ளே கொண்டுவந்தேன். இதுவும் கடைசியில் வினைக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விதான்.

அந்த வசனத்தின் கீழே கணினி ஒரு கோடும் போடவில்லை. மாறாக, செயப்பாட்டு வினை வந்தால் நீலக்கோடு போட்டுப் பயமுறுத்தும். 'த ஃபோர்ம் வாஸ் ஸைன்ட் பை த ஒஃபிஸர்' என்பதில் ஒரு பிழையும் இல்லை. நடையை மாற்றலாமே என்று அது யோசனை சொல்கிறது, அவ்வளவுதான். யோசனைக்கும் பிழைக்கும் வித்தியாசம் தெரியாமல் கோடு போட்ட இடத்தையெல்லாம் ஏற்றுக்கொண்டு வருகிற கம்பஸ் பிள்ளைகளின் கட்டுரைகளைப் படித்தால், எழுதியது யார் என்றே தெரியாது. இப்போது ஒரு தட்டலில் முழுக் கடிதத்தையும் திருத்தித் தரும் செயலிகளும் கைத்தொலைபேசியில் இருக்கின்றன. பயன்படுத்துங்கள், ஆனால் திருத்தியதைப் பழையதோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். நான் பார்த்தவற்றில் இலக்கணம் திருந்தியும் செய்தி மாறிப்போனவை உண்டு. 'வேண்டுகிறேன்' என்பது 'வலியுறுத்துகிறேன்' ஆகிவிட்டால் மேலதிகாரி முகம் சுளிப்பார்.

மனிதர்களும் மிகையாகத் திருத்துவார்கள். 'அன்ட்', 'பட்' கொண்டு வசனம் தொடங்கக்கூடாது என்று சிவப்புப் பேனையால் சுழிக்கிறவர்கள் இருக்கிறார்கள், தொடங்கலாம். 'த போலிஸ் இஸ்' என்று மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 'த போலிஸ் ஆர்' என்பதே சரி. ஏன் பிழை என்று காரணம் சொல்ல முடியாவிட்டால் மற்றவருடைய வசனத்தில் கை வைக்காதீர்கள்.

சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் சிலர் பின்னேரங்களில் கடைக்கு வந்து, "அக்கா, எப்படி இவ்வளவு கெதியாகக் கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். கெதி ஒன்றும் இல்லை. ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் பிடிக்க நான் முயல்வதில்லை. முதல் சுற்றில் வினைகளுக்கு மட்டும் வட்டம் போடுவேன். ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரரைத் தேடி, காலத்தைப் பார்ப்பேன். அந்தச் சுற்றில் வேறு பிழை கண்ணில் பட்டாலும் நிற்கமாட்டேன். அடுத்த சுற்றில் பெயர்ச்சொற்கள்: ஒருமையில் தனியே நிற்கிறதா, எண்ணமுடியாததற்கு 'ஸ்' ஒட்டியிருக்கிறதா. பிறகு 'டு', 'ஃபோர்', 'அபௌட்' போன்ற சிறு சொற்கள். நீண்ட கடிதமென்றால் கடைசி வசனத்திலிருந்து மேல்நோக்கி வாசிப்பேன். மேலிருந்து வாசித்தால் கதை இழுத்துக்கொண்டு போய்விடும், பிழை கண்ணில் படாது. எல்லாம் முடிந்தபின் ஒரு தடவை வாய்விட்டு வாசிப்பேன். திரையில் பார்ப்பதைவிடப் பிரிண்ட் எடுத்துப் பார்ப்பது எனக்குப் பலன் தருகிறது, ஒரு தாள் செலவானாலும் பரவாயில்லை.

பிள்ளைகளுக்கு இன்னொன்றும் சொல்வேன். ரியூஷனில் தருகிற பயிற்சித்தாளில் பிழை திருத்துவது சுலபம், ஏனென்றால் அங்கே பிழை இருக்கிறது என்று முன்பே தெரியும். தன்னுடைய பழைய கட்டுரைக் கொப்பியை எடுத்து, ஆசிரியர் சுழித்த இடங்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கவேண்டும். ஒருவருக்கு மூன்று நான்கு பிழைதான் திரும்பத் திரும்ப வரும். ஒரு பிள்ளைக்கு முழுக்க 'டிட்' வரிசை. இன்னொரு பிள்ளைக்கு 'டிட்' வரவே வராது, 'எ' மட்டும் எங்கேயும் இருக்காது. அந்தத் தாளைப் பரீட்சைக்கு முதல்நாள் பார்த்துவிட்டுப் போனால், எழுதி முடித்தபின் மிஞ்சும் ஐந்து நிமிடத்தில் எதைத் தேடுவது என்று தெரியும்.

கடிதம் திருத்தக் கொடுக்கிறவர்களும் திருத்துகிறவர்களும் கடைசியாக ஒன்றைக் கவனிக்கவேண்டும்: பெயர்களைத் தொடக்கூடாது. அடையாள அட்டையில் ஒருவருடைய பெயர் எப்படி எழுத்துக்கூட்டப்பட்டிருக்கிறதோ, அது விசித்திரமாக இருந்தாலும், கடிதத்திலும் அதே எழுத்துகள்தான் இருக்கவேண்டும். ஓர் எழுத்தைச் 'சரியாக்கி' அனுப்பினால் வெளிநாட்டு வேலை விண்ணப்பம் அந்த ஓர் எழுத்துக்காகத் திரும்பி வரலாம். ஊர்ப் பெயரும் அப்படித்தான். அதனால் என் மேசையில், கடிதத்தோடு அடையாள அட்டையின் கொப்பியையும் வாங்கி வைத்துக்கொண்டுதான் தட்டத் தொடங்குவேன்.